ஒய்-யா, என்-ஆ? அப்டேட் பாதியில் நின்று கேட்டால்...

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறாராம். நான்கு பழைய கம்ப்யூட்டர்கள், நான்கிலும் டெபியன் லினக்ஸ். அமைத்துக் கொடுத்தது அவருடைய அண்ணன் மகன். அவர் இப்போது வேலை நிமித்தம் வெளியூரில். இன்டர்நெட்டுக்கு டீச்சரின் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். அதில் ஒரு கம்ப்யூட்டரை டெபியனின் அடுத்த பதிப்புக்கு மாற்றும்போது, வேலை பாதியில் நின்றுவிட்டது. திரையில் பத்து வரி ஆங்கிலம். ஒய், என், டி, இசட் என்று சில எழுத்துகள். எதை அழுத்தினால் பிழைக்கும், பையன் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்ததெல்லாம் போய்விடுமா என்று கேட்கிறார். திரையை மொபைலில் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். அது பெரிய உதவி. படம் அனுப்பாமல் ‘ஏதோ கேட்கிறது’ என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

முதலில் அவசரப் பதில். டீச்சர், ‘என்’ அழுத்துங்கள். எதுவும் கெடாது. வெறும் என்டர் தட்டினாலும் ‘என்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். தயவுசெய்து பயந்துபோய் பவர் பட்டனை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். லினக்ஸ் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். உங்கள் கையில் இருக்கும் போனிலும் இதே கதைதான் நடக்கிறது.

போனில் ஒரு ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோருக்குப் போகிறோம். ஆப்களை இறக்குவது, நிறுவுவது, புதுப்பிப்பது, வேண்டாமென்றால் நீக்குவது எல்லாம் அதன் வேலை. லினக்ஸில் இந்த வேலையைச் செய்வதற்குப் பெயர் பேக்கேஜ் மேனேஜர். டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் முன்னால் நிற்பது ‘ஆப்ட்’. அதற்குப் பின்னால் நின்று உண்மையில் ஃபைல்களைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைப்பது ‘டிபிகேஜி’. சென்னை சி-டாக்கில் உருவான ‘பாஸ்’ லினக்ஸும் டெபியன் குடும்பம்தான் என்பதால், அதை வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்வியை என்றாவது சந்திப்பார்கள்.

எல்லா மென்பொருளையும் புதுப்பிக்கும் இந்த மேனேஜரை யார் புதுப்பிப்பது? அதுவேதான்! உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை மாதிரி தெரிகிறது அல்லவா? லினக்ஸில் அது சாத்தியம். புதிய ஃபைலை முதலில் தற்காலிகப் பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லாம் சரியென்றதும் பெயரை மட்டும் மாற்றும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிரதி, தன் வேலை முடியும்வரை நினைவில் இருக்கும். அடுத்த முறை கூப்பிடும்போது புதியது வந்து நிற்கும். கிளை முறிவதில்லை.

ஆக, மேனேஜரின் நிரலை மாற்றுவது பெரிய சிக்கலில்லை. அதற்கு நீங்கள் சொல்லி வைத்திருக்கும் ஏற்பாடுகளில்தான் சிக்கல். எந்த சர்வரிலிருந்து இறக்க வேண்டும், எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது, எதைத் தானாக நிறுவக் கூடாது என்பதெல்லாம் செட்டிங்ஸ். வேறொரு மென்பொருளின் செட்டிங்ஸ் அழிந்தால் அந்த ஒன்றுதான் பாதிக்கப்படும். பேக்கேஜ் மேனேஜரின் செட்டிங்ஸ் அழிந்தால், அடுத்து நடக்கும் ஒவ்வொரு அப்டேட்டும் வேறு மாதிரி நடக்கும். அதுவும் சத்தமில்லாமல்.

டீச்சர் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். படத்தில் தெரியும் ஃபைல் ஆப்ட்டுடையதுதான். ‘01ஆட்டோரிமூவ்’ என்று பெயர். எந்தெந்த மென்பொருளைத் தேவையில்லை என்று நினைத்துத் தானாக நீக்கிவிடக் கூடாது என்று ஆப்ட்டுக்குச் சொல்கிற பட்டியல் அதில் இருக்கும். பையன் அதே ஃபைலின் கடைசியில், ‘டிஎல்-லிமிட்’ என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். இறக்கும் வேகம் விநாடிக்கு இத்தனை கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட்டில் நாலு கம்ப்யூட்டர் ஓடுகிற வீட்டில் இது அருமையான யோசனை. அந்த வரி மட்டும் போனால், மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் ஆன்லைனில் பாடம் பார்க்கும்போது, பின்னால் ஒரு அப்டேட் மொத்த டேட்டாவையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஏன் வீடியோ நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன் கம்பெனியைத்தான் திட்டுவார்கள்.

வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர், சுவரில் நீங்கள் பென்சிலால் குறித்து வைத்த பால் கணக்கையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனால் எப்படியிருக்கும்? அவர் மேல் குற்றமில்லை. சுவரை வெள்ளையாக்கச் சொன்னார்கள், ஆக்கினார். ஆனால் நல்ல பெயின்டர் ஒருவர், “அம்மா, இங்கே ஏதோ எழுதியிருக்கே, அடிச்சிடட்டுமா?” என்று குரல் கொடுப்பார். டெபியனின் டிபிகேஜி அந்த வகைப் பெயின்டர்.

டெபியன் 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. தன் பெயரையும், பிறகு மனைவியான டெப்ரா பெயரையும் சேர்த்து டெப்-இயன் என்று வைத்தார். பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துக் கதாபாத்திரங்களின் பெயர்கள். 12-க்கு ‘புக்வேர்ம்’, 13-க்கு ‘டிரிக்ஸி’. பெயரில் இவ்வளவு விளையாட்டு இருந்தாலும், பயனாளர் கைவைத்த செட்டிங்ஸ் விஷயத்தில் டெபியன்காரர்கள் விளையாடுவதில்லை. நிர்வாகி செய்த மாற்றத்தை அப்டேட் அழிக்கக் கூடாது என்பது அவர்களுடைய எழுதப்பட்ட விதி. மென்பொருள் தயாரித்துத் தருபவர்கள் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும்.

எப்படி இதை நடத்துகிறார்கள்? ஒரு பேக்கேஜை நிறுவும்போது, அதோடு வரும் ஒவ்வொரு செட்டிங்ஸ் ஃபைலுக்கும் டிபிகேஜி ஒரு கைரேகை எடுத்துக் குறித்துக்கொள்கிறது. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். அடுத்த பதிப்பு வரும்போது மூன்று கைரேகைகளை ஒப்பிடும். சென்ற முறை கம்பெனி கொடுத்தது, இப்போது டிஸ்க்கில் இருப்பது, இந்த முறை கம்பெனி கொடுப்பது.

நீங்கள் தொடவே இல்லை, கம்பெனி மட்டும் மாற்றியிருக்கிறது என்றால், கேட்காமல் புதியதை வைத்துவிடும். உங்களுடையது எதுவும் அதில் இல்லையே! நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், கம்பெனி பழையபடியே அனுப்பியிருக்கிறது என்றால், அப்போதும் கேட்காது. உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பேருமே மாற்றியிருந்தால் மட்டும்தான் நின்று கேட்கும். டீச்சர் பார்த்தது அதைத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றை நீங்கள் வேண்டுமென்றே அழித்திருந்தால், அதையும் ஒரு முடிவாகவே டிபிகேஜி மதிக்கும். வழக்கமான அப்டேட்டில் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்காது. ‘வேண்டாம்’ என்று சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்கிற மென்பொருளை இன்று எத்தனை இடத்தில் பார்க்கிறோம்?

இப்போது அந்த எழுத்துகள். ‘ஒய்’ என்றால் கம்பெனியின் புதிய ஃபைலை வை. ‘என்’ என்றால் என்னுடையதே இருக்கட்டும். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். கழித்தல் குறியோடு தொடங்கும் வரிகள் இப்போது உங்கள் ஃபைலில் இருப்பவை, கூட்டல் குறியோடு தொடங்குபவை புதிதாக வருபவை. பார்த்து முடித்ததும் ‘க்யூ’ அழுத்தினால் மறுபடியும் அதே கேள்விக்கு வந்துவிடலாம். இந்த ‘க்யூ’ தெரியாமல் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரையே அணைத்தவர்கள் உண்டு. ‘இசட்’ விவரம் தெரிந்தவர்களுக்கு. அது தனியாக ஒரு கட்டளைத் திரையைத் திறந்துவிடும். தெரியாமல் உள்ளே போய்விட்டால் ‘எக்ஸிட்’ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து வெளியே வாருங்கள்.

உபுண்டுவின் சாஃப்ட்வேர் அப்டேட்டர் மூலம் செய்பவர்களுக்கு இந்த எழுத்துகள் வராது. ‘கீப்’, ‘ரீப்ளேஸ்’ என்று இரண்டு பட்டன்கள் வரும். ‘கீப்’ என்றால் உங்களுடையது, ‘ரீப்ளேஸ்’ என்றால் அவர்களுடையது.

ஏற்கெனவே ‘ஒய்’ அழுத்திவிட்டவர்கள் மனசு உடைய வேண்டாம். உங்கள் பழைய ஃபைலை அது தூக்கி எறிவதில்லை. அதே இடத்தில், அதே பெயரின் கடைசியில் ‘.டிபிகேஜி-ஓல்ட்’ என்ற வாலை ஒட்டி வைத்திருக்கும். ‘என்’ அழுத்தினால் கம்பெனியின் புதிய ஃபைல் ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எந்தப் பதில் சொன்னாலும் இரண்டு பிரதியும் கையில் இருக்கிறது. பாதியில் கரன்ட் போய்விட்டது என்றாலும் வழி இருக்கிறது. மறுபடி அப்டேட்டைத் தொடங்கினால், வேலை பாதியில் நின்றதையும், எந்தக் கட்டளையை அடித்து முடிக்க வேண்டும் என்பதையும் அதுவே திரையில் சொல்லும். அதை எழுத்துப் பிசகாமல் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சரி, ‘என்’ அழுத்தியாயிற்று. பிரச்னை தீர்ந்ததா? இல்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. பையன் எழுதிய வரி பிழைத்தது. ஆனால் கம்பெனி அந்தப் பட்டியலில் செய்த திருத்தம் உங்களுக்கு வந்து சேரவில்லை. புதிய ஆப்ட், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்த பதிப்பு மாற்றும்போது மறுபடியும் அதே கேள்வி வரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அது பெரியது. பாதுகாப்பு அப்டேட்களை இரவில் தானாகப் போடுகிற ‘அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ்’ என்ற வசதியைப் பலர் வைத்திருப்பார்கள். ஒரு பேக்கேஜில் இப்படிக் கேள்வி வரும் என்று தெரிந்தால், சாதாரணமாக அது அந்தப் பேக்கேஜைத் தொடாமல் விட்டுவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாரை எழுப்பிக் கேட்பது? அதன் பதிவேட்டில், ‘இதை நீங்களே கையால் போடுங்கள்’ என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பதிவேட்டை வீட்டில் யார் படிக்கிறார்கள்? நாம் எல்லாம் தானாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஓட்டை அடைபடாமலே கிடக்கும். கம்பெனி ஃபைலில் நாம் சேர்த்த ஒற்றை வரிக்கு இது ரொம்ப அதிகமான விலை.

இதற்கு வழி, சுவரில் எழுதுவதை விட்டுவிட்டு நோட்டில் எழுதுவதுதான். ஆப்ட் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. அதன் செட்டிங்ஸ் ஒரே ஃபைலில் இல்லை, ‘ஆப்ட்.கான்ஃப்.டி’ என்ற ஃபோல்டரில் பல சின்ன ஃபைல்களாக இருக்கும். பெயரின் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் படிக்கும். ஒரே விஷயத்தை இரண்டு ஃபைல்கள் இரண்டு விதமாகச் சொன்னால், பிந்திப் படித்ததுதான் செல்லும். அதனால்தான் கம்பெனி ஃபைல்களின் பெயர்கள் 01, 20 என்று எண்ணில் தொடங்குகின்றன. நீங்கள் 99 என்று தொடங்கும் ஒரு பெயரில் உங்கள் சொந்த ஃபைலை வைத்தால், உங்கள் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அந்த ஃபைல் எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்பதால் எந்த அப்டேட்டும் அதைத் தொடாது, அதைப் பற்றிக் கேள்வியும் வராது.

பெயர் வைப்பதில் மட்டும் கவனம். பெயரின் கடைசியில் வால் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் ‘.கான்ஃப்’ என்று இருக்கலாம். சாதாரண எடிட்டரில் எழுதி, பழக்கதோஷத்தில் ‘.டிஎக்ஸ்டி’ என்று சேமித்தால் ஆப்ட் அதைப் படிக்காது.

டீச்சருக்கு இனி செய்ய வேண்டியது: அந்த டிஎல்-லிமிட் வரியை மட்டும் பிரதி எடுத்து 99 ஃபைலில் போடுவது. பிறகு பழைய 01 ஃபைலைப் பத்திரத்துக்கு உங்கள் சொந்த ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துவிட்டு, பக்கத்தில் ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ வாலோடு காத்திருக்கும் புதிய ஃபைலுக்கு அந்த இடத்தைக் கொடுப்பது, அதாவது வாலை நீக்கிப் பெயர் மாற்றுவது. நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும். கடைசியாக ‘ஆப்ட்-கான்ஃபிக் டம்ப்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால், இப்போது அமலில் இருக்கும் எல்லா செட்டிங்ஸும் வரிசையாக வரும். அதில் உங்கள் வேக வரம்பு தெரிந்தால் வேலை முடிந்தது. பையனை போனில் வைத்துக்கொண்டு செய்யலாம், பத்து நிமிடம் ஆகாது. மற்ற மூன்று கம்ப்யூட்டர்களிலும் இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு பதிப்பு மாற்றுங்கள். இந்தக் கேள்வியே வராது.

எங்கிருந்து மென்பொருளை வாங்குவது என்பதைச் சொல்லும் ‘சோர்ஸஸ்.லிஸ்ட்’ ஃபைலைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். டெபியனில் அது ஆப்ட் பேக்கேஜின் சொத்தே இல்லை. முதன்முதலில் டெபியனை நிறுவும்போது எழுதப்படுவது. ஆப்ட் எத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டாலும் அதில் கை வைக்காது. உபுண்டுவில் பதிப்பு மாறும்போது மட்டும், வெளியார் சர்வர்களின் முகவரிகளைத் தற்காலிகமாக முடக்கிவிடும். அவை புதிய பதிப்புக்குத் தயாரா என்று தெரியாதே! பிறகு நீங்கள்தான் பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

எல்லாக் குடும்பத்திலும் இதே நடைமுறை என்று நினைக்காதீர்கள். ஆர்ச் லினக்ஸின் ‘பேக்மேன்’ நின்று கேட்கிற ஜாதி இல்லை. நீங்கள் மாற்றிய ஃபைலை விட்டுவைத்து, புதியதை ‘.பேக்நியூ’ என்ற வாலோடு பக்கத்தில் வைத்து, ஒரு எச்சரிக்கை வரி மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். தன்னுடைய சொந்த செட்டிங்ஸ் ஃபைலுக்கும் அதே மரியாதைதான். ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் ஆர்பிஎம். அங்கே பேக்கேஜ் செய்தவர் எப்படிக் குறித்தார் என்பதைப் பொறுத்தது. ‘மாற்றாதே’ என்று குறித்திருந்தால் உங்களுடையது இருக்கும், புதியது ‘.ஆர்பிஎம்நியூ’ ஆகும். குறிக்கவில்லை என்றால் புதியது நாற்காலியில் உட்காரும், உங்களுடையது ‘.ஆர்பிஎம்சேவ்’ ஆகி ஓரமாக நிற்கும்.

வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் புரோகிராமிங் படிக்கிறார்கள் என்றால் ‘என்பிஎம்’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அதில் ஒரு வேடிக்கை. அதன் செட்டிங்ஸில் ஒன்று, அது குடியிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டையே இடித்துக் கட்டும்போது பீரோவை வெளியே எடுத்து வைப்பதுபோல, அப்டேட்டின்போது அதை விசேஷமாகக் காப்பாற்றிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அதனால் பிள்ளைகள் தங்கள் சொந்த செட்டிங்ஸை அங்கே எழுதாமல், தங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள ‘.என்பிஎம்ஆர்சி’ ஃபைலில் எழுதுவதே நல்லது. எத்தனை முறை இடித்துக் கட்டினாலும் அது பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கும்.

போனில் இந்தச் சங்கடமே ஏன் வருவதில்லை? ஆண்ட்ராய்டில் ஆப்பின் நிரலுக்கு ஒரு இடம், உங்கள் விவரங்களுக்கும் விருப்பங்களுக்கும் வேறொரு இடம் என்று முதலிலிருந்தே பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்டேட் வந்தால் நிரல் மட்டும் மாறும். பிளே ஸ்டோர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்போதும் அப்படித்தான். ‘வைஃபையில் மட்டும் அப்டேட் செய்’ என்று நீங்கள் வைத்த ஏற்பாடு கலையாது. அதைக் கலைப்பது பெரும்பாலும் நாமேதான். பிளே ஸ்டோர் மக்கர் செய்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், முதல் வேலையாக ‘கிளியர் டேட்டா’ கொடுத்துவிடுவார்கள். ‘கிளியர் கேஷ்’ என்பது தற்காலிகக் குப்பையை மட்டும் நீக்கும். ‘கிளியர் டேட்டா’ உங்கள் விருப்பங்களையும் சேர்த்துத் துடைக்கும். முதலில் கேஷை மட்டும் நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் தீராமல் டேட்டாவை அழிக்க வேண்டி வந்தால், வீட்டுக்கு வந்ததும் வைஃபை ஏற்பாடும், குழந்தைகளுக்காகப் போட்ட பேரன்டல் கன்ட்ரோலும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

வால் முளைத்த அந்த ஃபைல்களை என்ன செய்வது என்றும் டீச்சர் கேட்டிருந்தார். ஆப்ட்டின் ஃபோல்டரில் ‘.டிபிகேஜி’ என்று தொடங்கும் வாலோடு எது கிடந்தாலும் ஆப்ட் அதைப் படிப்பதில்லை, முணுமுணுப்பதும் இல்லை. உடனே அழிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. பையன் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை கிடக்கட்டும், சோறா கேட்கிறது!